அரசு அலுவலக ஏசியில் கரண்ட் மிச்சம் பிடிப்பது எப்படி: நெல்லைச் சீமைக்கான முழு வழிகாட்டி

அரசு அலுவலகத்தில் மின்சிக்கனம் என்று பேச்சு எழுந்தால் முதலில் ஒரு சுற்றறிக்கை வரும்: ஏசியை 24 டிகிரிக்குக் கீழே வைக்கக் கூடாது. கொஞ்ச நாள் கழித்து ஒரு டெண்டர் வரும்: பழைய மெஷினைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டுக. இந்த இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதில் பாதிக்குமேல் காசே கேட்காது. அதைச் செய்யாமல் நேரே டெண்டருக்குப் போகிற அலுவலகத்தில், பழைய மெஷின் சுமந்த வேண்டாத சூட்டைப் புது மெஷினும் சேர்த்துச் சுமக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் புது மெஷின் வாங்குவது கடைசியில்தான் வருகிறது. வரிசையை மாற்றாமல் போவது நல்லது.

அடிப்படை ஒன்றுதான். அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவது ஏசியின் வேலை. அறைக்குள் வரும் வெப்பத்தைக் குறைத்தால் அள்ளுகிற வேலை குறையும். ஓடும் நேரத்தைக் குறைத்தாலும் குறையும். வெளியே கொட்டுகிற இடம் தாராளமாக இருந்தால் அதே வேலை குறைந்த கரண்ட்டில் நடக்கும். கீழே வருவதெல்லாம் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கும்.

தாலுகா அலுவலகம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம், சார்நிலைக் கருவூலம், சார்பதிவாளர் அலுவலகம் மாதிரி ஐந்து முதல் முப்பது ஸ்பிளிட் ஏசி இருக்கும் கட்டடங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சென்ட்ரல் ஏசி உள்ள பெரிய கட்டடங்களுக்கு ஒரு சிறு பகுதி தனியே இருக்கிறது.

முதல் படி: மீட்டரை ராத்திரியில் பாருங்கள்

மின்வாரிய பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒற்றை எண். அதில் ஏசி எவ்வளவு, லைட் எவ்வளவு, மறந்துபோய் ஓடியது எவ்வளவு என்று தெரியாது. மேலும் பல அலுவலகங்களில் பழைய கட்டடத்துக்கு ஒரு சர்வீஸ், பின்னால் கட்டிய பகுதிக்கு ஒரு சர்வீஸ் என்று இரண்டு மூன்று இணைப்புகள் இருக்கும். எந்த மீட்டர் எந்த அறைக்கு என்று எலெக்ட்ரீஷியனை வைத்து ஒரு தாளில் எழுதி மீட்டர் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவையுங்கள். வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள், அடுத்து வருகிறவர் வாழ்த்துவார்.

பிறகு இரவுக் காவலரிடம் ஒரு சின்ன வேலையை ஒப்படையுங்கள். மாலை 6 மணிக்கும் மறுநாள் காலை 9.30க்கும் மீட்டரை போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். ஒரு வாரம், சனி ஞாயிறு உட்பட. டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். யூனிட் கணக்கு வரும்போது எடுத்த படம்தான் பயன்படும். பெரிய இணைப்புகளில் மீட்டர் காட்டும் எண்ணை ஒரு பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். அது பில்லில் அச்சாகியிருக்கும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், காலை 10 முதல் மாலை 5.45 வரை, வாரம் ஐந்து நாள் என்ற கணக்கில் அலுவலகம் திறந்திருப்பது 39 மணி நேரத்துக்கும் குறைவு. வாரத்தின் 168 மணி நேரத்தில் மிச்சம் 129 மணி நேரமும் பூட்டித்தான் கிடக்கிறது. பூட்டிய கட்டடத்தில் வெறும் அரைக் கிலோவாட் ஓடிக்கொண்டிருந்தாலும் வாரத்துக்கு 64 யூனிட், வருடத்துக்கு 3,300 யூனிட்டுக்கு மேல். ஆளே இல்லாத அறைக்கு!

ராத்திரிக் கணக்கு உதைத்தால் ஒரு விடுமுறை நாளில் மின்பெட்டியில் இருக்கும் எம்.சி.பி. சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பாருங்கள். சர்வர், யூ.பி.எஸ். இருக்கும் லைனை மட்டும் தொடாதீர்கள். பெரும்பாலும் அகப்படுபவை இவைதாம்: ரிமோட்டில் அணைத்துவிட்டுச் சுவரில் அணைக்காத ஏசியோடு சூடாகவே உட்கார்ந்திருக்கும் ஸ்டெபிலைசர்கள், வீடியோ கான்பரன்ஸ் அறையில் யாரும் கவனிக்காத ஒரு ஏசி, வாட்டர் கூலர், கழிவறை எக்ஸாஸ்ட் ஃபேன்.

ஒப்பிடும்போது போன வருடத்து அதே மாத பில்லோடு ஒப்பிடுங்கள். மாசியையும் சித்திரையையும் ஒப்பிட்டு "கூடிவிட்டது" என்று பதறுவதில் அர்த்தமில்லை.

இரண்டாம் படி: யார் ஆன் செய்வது, யார் ஆஃப் செய்வது

ரிமோட் எல்லோருக்கும் பொது என்றால் பொறுப்பு யாருக்கும் இல்லை. அறைக்கு ஒரு பெயர் எழுதுங்கள். அவர் விடுப்பில் போனால் யார் என்பதையும் எழுதுங்கள். அதிகாரி அறைகளில் வழக்கமாக நடப்பது வேறு. சார் வரும்போது குளுகுளுவென்று இருக்க வேண்டுமென்று அலுவலக உதவியாளர் 9.15க்கே போட்டுவிடுவார். சார் முகாமுக்குப் போய்விட்டு மூன்று மணிக்கு வருவார். உதவியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. "நான் அறைக்குள் வந்த பிறகு போட்டால் போதும்" என்று அதிகாரி ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொன்னால்தான் அவரால் போடாமல் இருக்க முடியும். சுற்றறிக்கையில் வர வேண்டிய வரி இதுதான், வருவதில்லை.

மாலையில் 5.15க்கே அணைத்துவிடலாம். கதவு ஜன்னல் சாத்திய அறையில் அடுத்த அரைமணி நேரம் ஃபேன் போதும். அணைப்பதைச் சுவர் சுவிட்ச் வரை கொண்டுபோக வேண்டும்.

மூன்றாம் படி: 24 டிகிரி, கூடவே ஃபேன்

ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. சொல்லும் கணக்கு, ஒரு டிகிரி ஏற்றினால் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம். நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் தொழிற்சாலையிலிருந்தே 24 டிகிரியில் அமைந்து வர வேண்டும் என்பது 2020 ஜனவரி 1 முதல் விதி. யார் வேண்டுமானாலும் ரிமோட்டில் 18க்கு இறக்கலாம் என்பது வேறு விஷயம்.

16ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பழைய, இன்வெர்ட்டர் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) இல்லாத மெஷினில் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். 16 வைத்தாலும் 25 வைத்தாலும் முதல் பத்து நிமிடம் ஒரே மாதிரிதான் குளிர்விக்கும். வித்தியாசம், 16ல் வைத்தால் அது நிற்காது.

ஆனால் 24 என்று எழுதி ஒட்டினால் மட்டும் ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நீள அறையில் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பவர் சால்வையை இழுத்துப் போர்த்தியிருப்பார். நாலு மேசை தள்ளி இன்னொருவர் ஃபைலால் விசிறிக்கொண்டிருப்பார். ரிமோட்டுக்கான சண்டை அங்கேதான் தொடங்குகிறது. இதற்கு மருந்து சீலிங் ஃபேன். உடம்பில் காற்று பட்டால் இரண்டு டிகிரி குறைந்தது போல இருக்கும். அதனால் 26 வைத்து ஃபேனை நடுத்தர வேகத்தில் ஓட விட்டால் 24க்குச் சமமான சுகம் கிடைக்கும், குளிர் அறை முழுக்கப் பரவவும் செய்யும். சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்ற குறைந்த கரண்ட் ஃபேன் 30 வாட் அளவில் முடிந்துவிடும். ஏசியோடு ஒப்பிட்டால் இரண்டுமே பொருட்டில்லை.

இந்த இடத்தில் ஃபால்ஸ் சீலிங் பற்றிச் சொல்லியாக வேண்டும். அறையை அழகுபடுத்தும்போது ஃபால்ஸ் சீலிங் அடிப்பார்கள், அடிக்கும்போது சீலிங் ஃபேனைக் கழற்றிவிடுவார்கள். "உயரம் குறைஞ்சா ஏசி சீக்கிரம் குளிரும் சார்" என்பது ஒப்பந்ததாரர் வாக்கு. மேலே வெப்பத்தடுப்புப் பாய் விரித்தால் கொஞ்சம் பயன் உண்டு, வெறும் பலகையால் பெரிய பயன் இல்லை. கழற்றிய ஃபேனால் போன லாபம் அதைவிட அதிகம். ஃபால்ஸ் சீலிங் வந்தே தீரும் என்றால், ஃபேன் கொக்கி கீழே வரும்படி மதிப்பீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

நான்காம் படி: வெயிலை வெளியிலேயே நிறுத்துங்கள்

இந்தப் படிதான் நம் ஊருக்கு உயிர். டெல்லியை மனதில் வைத்து எழுதிய குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டால் இங்கே தவறும். காரணம், நாம் இருக்கும் இடம்.

திருநெல்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து 8.7 டிகிரி வடக்கே இருக்கிறது. சித்திரை பிறப்பதை ஒட்டி, ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும்; கம்பத்துக்கு நிழல் இருக்காது. ஆகஸ்ட் கடைசியில் மறுபடி அதே நிலை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நாலரை மாதமும் சூரியன் நமக்கு வடக்கே இருந்துதான் அடிக்கிறது. வடக்கு ஜன்னலுக்கு வெயில் வராது, சஜ்ஜா (ஜன்னலுக்கு மேல் நீட்டிய சன்ஷேடு) வேண்டாம் என்று டெல்லியில் சொல்லலாம். இங்கே ஆனி ஆடியில் வடக்கு ஜன்னல் வழியாக மேசைமேல் வெயில் விழும். ஆகவே வடக்கு ஜன்னலுக்கும் ஒன்றரை அடி சஜ்ஜாவாவது தேவை. தெற்கு ஜன்னலைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதற்குப் புரட்டாசி முதல் பங்குனி வரைதான் வெயில், அதையும் சாதாரண சஜ்ஜாவே தடுத்துவிடும்.

உச்சி வெயில் என்றால் முதல் அடி கூரைக்குத்தான். மேல் மாடி அறைக்கும் கீழ்த்தள அறைக்கும் ஏசி செலவில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் கூரையால் வருவது. சித்திரையில் மூன்று மணிக்கு மொட்டை மாடியில் செருப்பில்லாமல் ஒரு எட்டு வைத்துப் பாருங்கள். கறுத்த சிமென்ட் தளம் 60 டிகிரியை நெருங்கியிருக்கும். அந்தச் சூடு கான்கிரீட்டுக்குள் இறங்கி அறைக்குள் வர மூன்று நாலு மணி நேரம் ஆகும். அதனால்தான் மேல்தள அறைகளில் நாலு மணிக்கு மேல், வெளியே வெயில் தணிந்த பிறகும், தலைக்கு மேலே அனல் இறங்குகிறது. ஏசி மெஷினில் கோளாறு என்று அப்போதுதான் புகார் வரும். மெஷின் நன்றாகத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியது வெள்ளை. தளத்தில் பாசி, புழுதியைத் தேய்த்துக் கழுவி, ஓதம் இறங்கும் வெடிப்புகளை அடைத்து, வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கோட். அதற்குப் பணம் இல்லையென்றால் சுண்ணாம்போடு வெள்ளை சிமென்டும் கொஞ்சம் பசையும் கலந்து அடிக்கலாம். தளத்தின் மேற்பரப்பு பத்து டிகிரிக்கு மேல் இறங்கும். சுண்ணாம்பு ஐப்பசி கார்த்திகை மழைக்குத் தாங்காது. அதனால் புரட்டாசியில் அடிப்பது வீண். தை, மாசியில் அடித்தால் கோடை முழுக்க வேலை செய்யும். பழைய காலத்துத் தட்டோடு பதித்த தளமாக இருந்தால் அதன்மேல் வெள்ளை அடித்தாலே போதும், பெயர்த்துவிட்டுப் புதிதாக எதையும் போட வேண்டாம். பாளையங்கோட்டைப் பக்கம் இன்னும் நிற்கிற தடித்த சுவர், மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய கூரை) கட்டடங்களில் ஏசியே இல்லாத அறைகள் எப்படி இருக்கின்றன என்று போய் நின்று பாருங்கள், கூரையின் பெருமை விளங்கும்.

மேற்குச் சுவர் அடுத்த எதிரி. மாலை வெயில் தாழ்வாக வரும், எவ்வளவு நீள சஜ்ஜா போட்டாலும் கீழே புகுந்து வரும். மேற்கு ஜன்னலுக்குத் தேவை வெளியே செங்குத்தாக ஒரு மறைப்பு: மூங்கில் தட்டி, பசுமைவலை, இடம் இருந்தால் பத்தடி தள்ளி ஒரு வேம்பு அல்லது புங்கன். உள்ளே மாட்டும் திரை பாதி வேலைதான் செய்யும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூட்டைத் திரையால் திருப்பி அனுப்ப முடியாது. புதுக் கட்டடங்களில் முகப்பு முழுக்கக் கண்ணாடி வைக்கிறார்கள், அதுவும் மேற்குப் பார்த்து. வரைபட நிலையிலேயே இதை எதிர்த்து ஒரு குறிப்பு எழுதுவது, பின்னால் வாங்கும் பத்து ஏசியைவிட மேல்.

மொட்டை மாடியில் சோலார் பேனல் வருகிறதென்றால் அது விழுத்தும் நிழலும் லாபம்தான். மேல்தள ஏசி அறைகளுக்கு நேர் மேலே வரும்படி இடம் கேளுங்கள்.

ஐந்தாம் படி: கதவும் கூட்டமும்

கதவிடுக்கில் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் வெளிப்பக்கம் பறந்தால் குளிர் போகிறது. கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, தானாக மூடும் டோர் குளோசர், பழைய ஜன்னல் ஏசியைக் கழற்றிய ஓட்டைக்குச் செங்கல், காப்பர் பைப் போகும் துளைக்குச் சிமென்ட். எல்லாம் சில்லறைச் செலவு.

பெரிய ஹாலுக்குள் பிளைவுட் அடித்து எழுப்பிய அதிகாரி அறைகளைக் கவனியுங்கள். தடுப்பு கூரை வரை போகாமல் ஏழடியில் நின்றிருக்கும். ஒன்றரை டன் ஏசி, ஹால் முழுவதையும் குளிர்விக்கப் போராடிக்கொண்டிருக்கும். தடுப்பைக் கூரை வரை ஏற்றுங்கள், அல்லது அங்கே ஏசியை எடுத்துவிடுங்கள். நடுவழி எதுவும் கிடையாது.

கூட்டம் வேறு கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் நூறு வாட்டுக்குக் குறையாத சூட்டை விடுகிறார். திங்கட்கிழமை மனு நாளில் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்குக் கூட்டம் எப்படி வரும் என்று நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒரு கூட்ட அரங்கில் நூறு பேர் என்றால் ஆட்களால் மட்டும் பத்து பன்னிரண்டு கிலோவாட் வெப்பம். மூன்று டன் ஏசி அதற்கே சரியாகப் போய்விடும். கதவு வேறு திறந்தபடி இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் காத்திருப்போர் வெளியே நிழலில், ஃபேனுக்குக் கீழே, குடிக்கத் தண்ணீரோடு உட்கார ஏற்பாடு செய்து, டோக்கன் அழைத்து உள்ளே விடுவது ஏசிக்கும் நல்லது, வெயிலில் அம்பாசமுத்திரத்திலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ பஸ் ஏறி வந்த மனிதர்களுக்கும் நல்லது. மக்களுக்குப் புழுக்கமும் அதிகாரிக்குக் குளிரும் என்று ஆகிவிடுகிற சிக்கனத்தைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காலையில் ஏசி போடுவதற்கு முன் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ராத்திரி அடைந்து கிடந்த சூட்டில் பெரும்பங்கு வெளியேறிவிடும். ஆடியில் மேல்காத்து (மேற்கிலிருந்து வரும் காற்று) அடிக்கும் நாட்களில் கிழக்கும் மேற்கும் திறந்தால் பத்து நிமிடம் போதும், பேப்பருக்கு மேல் வெயிட் வைக்க மறக்காதீர்கள்.

ஆறாம் படி: அவுட்டோர் யூனிட்டும் மேல்காத்தும்

வைகாசி பிறந்தால் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகக் காற்று புறப்பட்டுவிடும். ஆரல்வாய்மொழிப் பக்கம் அது காற்றாலைகளைச் சுழற்றும். குற்றாலத்துக்குச் சாரலும், மலை தாண்டி இறங்கிய பின் நமக்கு வறண்ட காற்றும் புழுதியும். இந்தக் காற்று ஏசி அவுட்டோர் யூனிட்டை என்ன செய்கிறது என்று கவனிப்பவர் குறைவு.

அவுட்டோர் யூனிட்டின் ஃபேன், பின்பக்கத்திலிருந்து காற்றை இழுத்து, சூட்டோடு முன்பக்கம் தள்ளும். யூனிட்டை மேற்குச் சுவரில் மேற்குப் பார்த்து மாட்டியிருந்தால், தள்ளுகிற காற்றும் வருகிற காற்றும் நேருக்கு நேர் மோதும். சின்ன ஃபேன் தோற்றுப்போகும். சூடு வெளியேறாமல் கம்ப்ரசர் அழுத்தம் கூடி, அதே குளிருக்கு அதிகக் கரண்ட் இழுக்கும். போதாக்குறைக்கு மூன்று மணி வெயிலும் அதன்மேல். வடக்குச் சுவரோ கிழக்குச் சுவரோ அகப்பட்டால் அங்கே மாற்றுங்கள். வழியில்லையென்றால் யூனிட்டைப் பக்கவாட்டில் திருப்பி, காற்று குறுக்கே போகும்படி ஸ்டாண்டை மாற்றலாம். மேலே நிழலுக்கு ஒரு தகடு போடலாம், ஆனால் முன்னும் பின்னும் மறைக்கக் கூடாது. அழகுக்காகக் கம்பி வலைப் பெட்டிக்குள் அடைத்து வைக்கும் பழக்கத்தை உடனே விடுங்கள். இரண்டு யூனிட்டை எதிரெதிரே மாட்டியிருந்தால் ஒன்று துப்பும் சூட்டை மற்றது விழுங்கும், அதையும் பிரியுங்கள்.

பின்பக்க அலுமினியத் தகடுகளை விரலால் தடவிப் பாருங்கள். செம்மண் புழுதி கம்பளி மாதிரி படிந்திருக்கும். வெளியே வெள்ளையாகத் தெரியும் யூனிட் உள்ளே அடைத்துப்போயிருக்கும். கழுவும் காலம் நம் பக்கத்துக்கு இரண்டு: கோடைக்கு முன் மாசியில் ஒருமுறை, காற்று ஓய்ந்த பின் புரட்டாசியில் ஒருமுறை. தண்ணீர் அழுத்தம் மெல்லியதாக இருக்க வேண்டும். கார் கழுவும் பம்பை வைத்து அடித்தால் தகடுகள் மடங்கி, அடைப்பு நிரந்தரமாகிவிடும்.

உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி மாதிரிக் கடலோர அலுவலகங்களில் உப்புக் காற்று தகடுகளை அரித்துவிடும். அங்கே மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசுவது பலன் தரும். போர் தண்ணீரில் உப்பு இருந்தால் கழுவாமலே இருப்பது தேவலை. புதிது வாங்கும்போது துருத்தடுப்புப் பூச்சுள்ள காயில் (குழாயும் தகடும் சேர்ந்த பகுதி) என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

யூனிட்டிலிருந்து சுவருக்குள் போகும் காப்பர் பைப்பின் கறுப்பு ஃபோம் உறையையும் பாருங்கள். வெயிலில் வெடித்து உதிர்ந்து போயிருக்கும். குளிர்ந்த பைப் வெறும் வெயிலில் கிடந்தால் அறைக்கு வர வேண்டிய குளிர் தெருவுக்குப் போகிறது. கொஞ்சம் ஃபோமும் மேலே சுற்ற ஒரு டேப்பும் வாங்கினால் தீர்ந்தது.

ஏழாம் படி: சர்வீஸ், குறிப்பாக "கேஸ் கம்மி"

உள் யூனிட் ஃபில்டரை மாதம் இருமுறை கழற்றித் தட்டிக் கழுவிக் காயவைத்து மாட்டுவது யாரும் செய்யக்கூடிய வேலை. பதிவறை, காகிதக் கட்டு இருக்கும் அறைகளில் வாரம் ஒருமுறை.

மெக்கானிக் வந்து கேஜ் மாட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, கேஸ் கம்மியா இருக்கு, ஃபில் பண்ணிரலாமா?" என்பார். பண்ணிவிடுங்கள் என்று சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்க லீக்?" ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகலை அடைக்காமல் வருடா வருடம் நிரப்புவது பணத்துக்கும் கேடு, காற்றுக்கும் கேடு. சரியான முறை: நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, சோப்பு நுரை தடவி ஒழுகல் கண்டுபிடித்து அடைப்பது, வாக்குவம் பம்பு வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுவது, பிறகு மெஷின் தகட்டில் எழுதியிருக்கும் கிராம் அளவுக்குத் தராசில் வைத்து நிரப்புவது. கைப்பழக்கத்தில் "போதும்" என்று நிறுத்தினால் அளவு கூடியோ குறைந்தோ போய், இரண்டு வகையிலும் கரண்ட் கூடும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இந்த மூன்று வேலையையும் பெயர் சொல்லி எழுதுங்கள். "சர்வீஸ் வருடம் நான்கு முறை" என்று மட்டும் எழுதியிருந்தால் நாலுமுறை வந்து ஃபில்டர் கழுவிவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போவார்கள்.

பழைய மெஷின் தகட்டில் ஆர்-22 என்றிருந்தால், மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி 2030க்குள் விலக வேண்டிய கேஸ் அது. அதில் பெரிய ஒழுகல் வந்தால் பழுதுபார்ப்பதைவிட மாற்றுவதே புத்தி.

சர்வர் அறை

தனித்துப் பேச வேண்டியது, ஏனென்றால் இது மட்டும்தான் இரவு பகல் ஓடுகிறது. சர்வர்களுக்குள் இழுக்கப்படும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது உலகம் முழுக்க ஏற்ற அளவு. நம்மவர்கள் 18ல் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். 25 போதும், பேட்டரிகளுக்கும் அதுவே ஏற்றது. சர்வர் அடுக்கிய ஒரே ஒரு ராக்கை ஒரு முழு ஹாலுக்குள் வைத்து ஹாலையே குளிர்விப்பதைவிட, அதைச் சுற்றி எட்டடிக்கு எட்டடி அறை கட்டினால் ஒரு டன் மெஷின் நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளும். பழைய பீரோக்கள், தேர்தல் பெட்டிகளை அங்கே அடுக்காதீர்கள்.

பெரிய கட்டடம் என்றால்

உயர் அழுத்த இணைப்பு உள்ள கட்டடங்களில் யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் உச்சத் தேவைக்கும் (ஒரே சமயத்தில் இழுக்கும் அதிகபட்சக் கரண்ட்டுக்கும்) தனிக் கட்டணம் உண்டு. பத்து மணிக்கு எல்லாத் தளமும் ஒன்றாக ஏசி போட்டால் அந்த உச்சம் எகிறும். தளத்துக்குத் தளம் பதினைந்து நிமிட இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். சில்லர் (தண்ணீரைக் குளிர்வித்து அனுப்பும் பெரிய மெஷின்) இருந்தால் கூலிங் டவர் தண்ணீரின் கடினத்தைச் சோதிப்பது முக்கியம். தாமிரபரணித் தண்ணீர் கிடைக்கும் இடத்துக்கும் போர் தண்ணீரை நம்பும் இடத்துக்கும் மலையளவு வித்தியாசம். உப்புப் படிந்த குழாய் சூட்டைக் கடத்தாது. மற்றபடி இத்தகைய கட்டடங்களுக்குச் சான்று பெற்ற எரிசக்தித் தணிக்கையாளரை வைத்துப் பார்ப்பதே முறை.

கடைசிப் படி: இப்போது வாங்கலாம்

மேலே சொன்னதையெல்லாம் ஒரு கோடைக்குச் செய்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். அதன் பிறகு எந்த அறைக்கு எத்தனை டன் என்று கணக்கிட்டால் முன்பு நினைத்ததைவிடக் குறைவாகவே வரும். கடைக்காரர் சதுர அடியை மட்டும் கேட்பார். நீங்கள் மேல்தளமா, மேற்குச் சுவர் உண்டா, எத்தனை ஆட்கள், எத்தனை கணினி என்று சேர்த்துச் சொல்லுங்கள். தேவைக்கு மேல் பெரிய மெஷின் வாங்கினால், குறிப்பாக இன்வெர்ட்டர் இல்லாததில், சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும். கார்த்திகை மழை நாட்களில் ஈரம் போகாமல் அறை பிசுபிசுக்கும்.

டெண்டர் குறிப்பில் "5 ஸ்டார்" என்று மட்டும் எழுதாதீர்கள். நட்சத்திர அளவுகோல் சில வருடங்களுக்கு ஒருமுறை இறுகுகிறது. 2022 ஜூலையில் இறுகியபோது அதுவரை ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்த பல மெஷின்கள் நாலுக்கு இறங்கின. ஸ்டிக்கரில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று ஓர் எண் இருக்கும். குறைந்தபட்சம் இந்த எண் வேண்டும் என்று கேளுங்கள், எண் கூடக் கூடக் கரண்ட் குறையும். ஸ்டிக்கரிலேயே வருடத்துக்கு எத்தனை யூனிட் என்றும் அச்சாகியிருக்கும். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. நம் அலுவலக நேரத்தில் தினமும் ஓடும் ஏசி அதைத் தாண்டிவிடும்.

ஒன்றரை டன்னில் 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் வருடத்துக்கு ஏறத்தாழ 200 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம் வரும். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் 1,800 ரூபாய். விலை வித்தியாசம் 8,000 ரூபாய் என்றால் நாலரை வருடத்தில் ஈடாகும். தினமும் ஓடும் அறைக்கு 5 ஸ்டார் நியாயம். மாதம் இரண்டு கூட்டம் நடக்கும் அரங்குக்கு 3 ஸ்டார் தாராளம், மிஞ்சும் பணத்தில் கூரைக்கு வெள்ளை அடித்துவிடலாம். குறைந்த விலைக்கு வந்தவருக்கே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், குறைந்தபட்ச எண்ணை உயர்த்தி வைப்பதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி.

கழற்றிய மெஷினை இனி பயன்படாது என்று கண்டம் செய்து, பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்துக்கு அனுப்புங்கள்; அதற்கு முன் கேஸை சிலிண்டரில் இறக்கி எடுக்கச் சொல்லுங்கள், பைப்பை வெட்டிக் காற்றில் விடக் கூடாது. "ஓடுற மெஷின்தானே, பதிவறையில மாட்டிருவோம்" என்று யாராவது சொல்வார்கள். மாட்டினால் நேற்றுவரை ஏசியே இல்லாத அறைக்கு ஒரு பழைய மெஷின் சேர்ந்து, புதிதில் மிச்சமானது அதில் போய்விடும். பதிவறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் இரண்டு பி.எல்.டி.சி. ஃபேனும் போட்டுக் கொடுங்கள்.